ஏழு மணி நேரத் தூக்கம்

பேச்சிராஜா கிரேனில் தூங்கிவிட்டான் என்ற பேச்சு, அவன் கீழே இறங்கி வருவதற்குள் துறைமுகத்தின் வாசல் வரை போய்ச் சேர்ந்திருந்தது.

அப்போது காலை ஒன்பது மணி. வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆறு மணி ஷிப்டுக்கு மேலே ஏறியவன், கொழும்பிலிருந்து வந்த கப்பலில் அறுபது கண்டெய்னர்களுக்கு மேல் இறக்கி முடித்திருந்தான். கிரேன் ஓட்டுகிறவனின் அறை என்பது தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. கால் வைக்கும் இடமும் கண்ணாடிதான். முதுகை வளைத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடியே எட்டு மணி நேரமும் வேலை. கப்பலில் இருக்கும் பெட்டியைக் கவ்வித் தூக்கி, கரைக்கு நகர்த்தி, கீழே வரிசையில் வந்து நிற்கும் டிரெய்லரின் முதுகில் வைக்க வேண்டும். பதினான்கு வருஷமாக அதைச் செய்கிறான். ஒரு பெட்டியில்கூட அவன் கையால் கீறல் விழுந்ததில்லை என்று மற்ற ஆபரேட்டர்களே சொல்வார்கள்.

அன்றைக்கு ஒரு பெட்டி டிரெய்லரின் முதுகில் இறங்கவில்லை. தலையில் இறங்கியது. ஓட்டுநர் உட்காரும் இடத்தின் கூரை எண்ணெய் டின் மாதிரி நசுங்கியது. உள்ளே இருந்திருக்க வேண்டியவன் ஷாம் என்ற இருபத்தாறு வயதுப் பையன். பின்னால் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் பூட்டு ஒன்று சரியாகத் திரும்பவில்லை என்று அதை உதைத்துவிட்டு வர இறங்கியிருந்தான். அதனால் பிழைத்தான்.

பேச்சிராஜாவுக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். பெட்டி ஆடாமல் அசையாமல் வந்துகொண்டிருந்தது. அப்புறம் வாக்கி டாக்கியில் யாரோ கத்தினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கண் சொருகியது, தலை சாய்ந்தது என்றுகூட இல்லை. ஒரு சினிமாவில் நடுவே பத்தடி பிலிமை வெட்டி எறிந்தது போல இருந்தது.

கீழே வந்ததும் ஊதச் சொன்னார்கள். ஊதினான். ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. பாதுகாப்பு அதிகாரி ஞானதீபம் அவனைத் தன் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"நேத்து எத்தன மணிக்குப் படுத்தே?"

"ஒம்பது மணிக்கு சார்."

"எந்திரிச்சது?"

"நாலு மணிக்கு."

"ஏழு மணி நேரம். நைட் ஷிப்டுன்னா ஒரு நியாயம் உண்டு. ஏழு மணி நேரம் தூங்கிட்டு வந்து பட்டப்பகல்ல ஒருத்தன் தூங்குவானாவே? நீ போன்ல எதையாவது நோண்டிக்கிட்டு இருந்தியா? உண்மையச் சொல்லு."

"போன் லாக்கர்ல இருக்கு சார். பாத்துக்கிடுங்க."

"அப்பம் என்னதான் நடந்துச்சு?"

அதே கேள்வியைத்தான் பேச்சிராஜா தனக்குள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். படுத்தால் தூங்கிவிடுகிறான். நடுவில் விழித்த நினைவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது, ராத்திரி முழுக்க மூட்டை சுமந்தவன் மாதிரி உடம்பு கனக்கிறது. துறைமுகம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே கண் மூடுகிறான். உப்பளம் தாண்டியது தெரியாமல் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறான். தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்கிறான். பத்து வயது மகள் பொன்மீனா பென்சில் கேட்டால் எரிந்து விழுகிறான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஏழு மணி நேரம் தூங்குகிறவன் அசதியாக இருக்கிறது என்று சொன்னால் ஊர் சிரிக்காதா?

தூக்கப் பரிசோதனை செய்து, சான்றிதழோடு வந்தால்தான் மறுபடி மேலே ஏற்றுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

தூத்துக்குடி டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. பார்க்க லாட்ஜ் அறை போலிருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஷெர்லி என்ற டெக்னீஷியன், தெரேஸ்புரத்துப் பெண், அவன் தலையை அங்குலம் அங்குலமாக டேப் வைத்து அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். புள்ளி வைத்த இடமெல்லாம் மணல் மாதிரி ஒரு களிம்பைத் தேய்த்து, பசை தடவி, வயர்களை ஒட்டினாள். நெற்றியில், கண் ஓரத்தில், தாடையில், காலில்கூட. மூக்குக்குக் கீழே ஒரு குழாய். மார்பைச் சுற்றி ஒரு பட்டை.

"இதெல்லாம் சேந்து என்னத்தம்மா பாக்கும்?"

"மூச்சு நிக்குதா, காலு உதறுதா, கண்ணு உருளுதா, எல்லாம் பாக்கும் அண்ணாச்சி. தலையில இருக்கது மூளையோட கரண்ட்ட வாங்கும். ரொம்பக் கொஞ்சூண்டு கரண்ட்டு. தூங்கும்போது அல பெருசா மெதுவா வரும். முழிச்சிருக்கும்போது சின்னதா வேகமா வரும்."

"நான் தூங்கிட்டேன்னு பொய் சொன்னா கண்டுபிடிச்சிருமா?"

ஷெர்லி சிரித்தாள். "கண்ண மூடிக்கிட்டு என்ன ஏமாத்தலாம். இத ஏமாத்த முடியாது."

இத்தனை வயரோடு எங்கே தூங்குவது என்று நினைத்தான். ஆனால் விளக்கணைந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். காலையில் ஷெர்லி வந்து தோளைத் தொட்டபோதுதான் எழுந்தான். வழக்கம் போல உடம்பெல்லாம் ஈயம்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் நேராகக் கம்பெனிக்குப் போனது. ஞானதீபம் அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். மொத்தத் தூக்கம் ஆறு மணி ஐம்பது நிமிடம். மூச்சுத் தடங்கல் இல்லை. கால் உதறல் இல்லை. கடைசி வரி: இயல்பான தூக்கம்.

"நல்ல செய்திதான். ஒனக்கு வியாதி ஒண்ணும் இல்ல," என்றார் ஞானதீபம். "ஆனா வியாதி இல்லன்னா, அன்னைக்கு நடந்தது கவனக்குறைவுதானே? அத எழுதிக் குடுத்துரு. எச்சரிக்கைக் கடிதத்தோட விட்டுருவாங்க. திங்கக்கெழம மேல ஏறிரலாம்."

எழுதி டைப் அடித்து வைத்திருந்தார்கள். என் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று தொடங்கியது. பேச்சிராஜா அதை இரண்டு தடவை வாசித்தான். கவனக்குறைவு என்ற சொல்லை அவனால் ஏற்க முடியவில்லை. ஆனால் மெஷினே சொல்லிவிட்டது. மெஷினோடு எப்படிச் சண்டை போடுவது? கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நரம்பியல் டாக்டர் ரிஃப்கா பார்க்க விரும்புகிறார், உடனே வர முடியுமா?

டாக்டர் ரிஃப்கா காயல்பட்டினத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். முக்காட்டுக்கு மேலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். அவன் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"ஒங்க ரிப்போர்ட்ட நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க ஃபார்ம்ல எழுதியிருந்தத அப்புறம்தான் வாசிச்சேன். 'தூங்கி எழுந்தால் மூட்டை சுமந்தது போல இருக்கிறது'ன்னு எழுதியிருந்தீங்க. அது என்ன விடல. ஷெர்லிய விட்டு ராத்திரி முழுக்க ரெக்கார்ட் ஆனதத் திரும்ப எடுக்கச் சொன்னேன்."

திரையில் எறும்பு ஊர்ந்தது போலக் கோடுகள் ஓடின.

"நாங்க வழக்கமா என்ன செய்வோம்னா, ராத்திரிய முப்பது முப்பது விநாடியா வெட்டுவோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேரு வைப்போம். முழிப்பு, முதல் கட்டம், ரெண்டாம் கட்டம், மூணாம் கட்டம், கனவுத் தூக்கம். அப்படிப் பாத்தா நீங்க தூங்கினீங்க. கூட்டினா ஆறு அம்பது. ஆனா ஒரே பேரு வச்ச ரெண்டு துண்டு ஒண்ணா இருக்கணும்னு இல்ல. கடல்னு சொல்லிட்டா போதுமா? ஆழம் எவ்வளவுன்னு பாக்க வேண்டாமா?"

"பாக்கணும் மேடம்."

"அத அளக்க இப்பம் ஒரு கணக்கு இருக்கு. மூணு விநாடிக்கு ஒரு தடவ, வேக அல எவ்வளவு, மெதுவான அல எவ்வளவுன்னு பாத்து, கம்ப்யூட்டர் ஒரு எண் குடுக்கும். ரெண்டரைன்னா முழு முழிப்பு. பூஜ்யம்னா அடி ஆழம்." அவர் ஒரு விசையைத் தட்டினார். ஒரே ஒரு கோடு வந்தது. "இது ஒங்க வயசுல நல்லாத் தூங்குற ஒருத்தரோடது. பாருங்க, அரைக்கும் கீழ போகுது, வருது, திரும்பப் போகுது." மறுபடி தட்டினார். "இது ஒங்களோடது."

அந்தக் கோடு இறங்கவில்லை. ஒன்றரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவே தவித்துக்கொண்டே இருந்தது. ஒன்று என்ற இடத்தில் திரையின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். விடிய விடிய அவனுடைய கோடு அதைத் தாண்டிக் கீழே போகவே இல்லை.

"இங்கன பாருங்க. வெளிய லிப்ட் மணி அடிச்சுது. கோடு மேல குதிக்குது. யாருக்கும் குதிக்கும். ஆனா மத்தவங்களுக்கு அரை நிமிஷத்துல திரும்ப இறங்கிரும். ஒங்களுக்கு எட்டு நிமிஷம் ஆகுது. அதுக்குள்ள அடுத்த சத்தம். நர்ஸ் செருப்பு. ஒரு தட்டு. ஒண்ணையும் ஒங்க மூளை விடல. நீங்க முழிக்கல, ஒங்களுக்குத் தெரியல. ஆனா காது தூங்கவே இல்ல."

பேச்சிராஜா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியாதது அங்கே வரைந்து வைத்திருந்தது. கண்ணில் நீர் கட்டியது. வெட்கமாக இருந்ததால் மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டான்.

"எதுக்கு மேடம் இப்படி?"

"ஏன்னு மெஷின் சொல்லாது. எவ்வளவு ஆழம்னு மட்டும்தான் சொல்லும். நான் ஒண்ணு கேக்கேன். வீட்டுல யாருக்காக நீங்க காது குடுத்துப் படுத்திருக்கீங்க?"

"யாருக்கும் இல்லையே."

"யோசிங்க." அவர் அந்தக் கோடு அச்சான தாளையும், கீழே எழுதிய தன் கருத்தையும் அவனிடம் கொடுத்தார். "கம்பெனி கேட்டது முதல் ரிப்போர்ட்ட மட்டும்தான். அத அனுப்பியாச்சு. இது ஒங்களுக்கு. ஆனா டாக்டரா சொல்லுதேன், இத சரி பண்ணுற வரைக்கும் நீங்க அந்தக் கிரேன்ல ஏறக்கூடாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தாள் சட்டைப் பையில் முறுமுறுத்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. திங்கட்கிழமை மேலே ஏறலாம் என்று உத்தரவும் வந்தாயிற்று. இந்தத் தாளைக் கொடுத்தால் கிரேன் போய்விடும். கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

முத்தையாபுரத்தில் அவர்கள் வீடு இரண்டு அறைகளும் ஒரு சமையல்கட்டும் கொண்டது. மனைவி வேல்விழி பக்கத்து நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அருகில் போய்க் குத்தவைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான்.

"யாருக்காகக் காது குடுக்கீங்கன்னு கேக்காக. நான் என்னத்தச் சொல்ல?"

வேல்விழியின் கை நின்றது. "இது என்னங்க கேள்வி? புள்ளைக்காகத்தான்."

"எந்தப் புள்ளைக்கு?"

"நம்ம மீனாவுக்கு. நீங்கதான் தெனமும் ராத்திரி எந்திரிச்சுப் போறீகள்லா?"

அவன் புரியாமல் பார்த்தான். அவளும் அவனைப் புரியாமல் பார்த்தாள்.

ஐந்து வயதில் பொன்மீனாவுக்கு வலிப்பு வந்தது. தூக்கத்தில்தான் வரும். முதல் தடவை சத்தமே இல்லாமல் வந்து, வேல்விழி தற்செயலாகத் தண்ணீர் குடிக்க எழுந்ததால் பார்த்தார்கள். பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது. அப்புறம் நான்கு தடவை. திருநெல்வேலியில் காட்டி, மூன்று வருஷம் மருந்து கொடுத்து, எல்லாம் சரியாகி, மருந்தை நிறுத்தியே ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இப்போது பள்ளியில் கபடி ஆடுகிறாள். அந்தக் காலத்தைப் பேச்சிராஜா மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தான்.

"மருந்த நிறுத்துனதுலேருந்து, அவ பொரண்டு படுத்தாக்கூட எந்திரிச்சுருவீக," என்றாள் வேல்விழி. "போயி மூக்குல வெரல் வச்சுப் பாப்பீக. கைய நீட்டி மடக்கிப் பாப்பீக. திரும்ப வந்து படுத்துருவீக. ஒரு ராத்திரிக்கு நாலு தடவ, அஞ்சு தடவ. நெசமாவே தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியாதுளா. நீ ஏன் சொல்லல?"

"முழிச்சுக்கிட்டுத்தான் போறீகன்னு நெனச்சேன். நீங்க பாத்துக்கிடுதீகன்னுதான்..." அவள் மீன் செதில் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க பாத்துக்கிடுதீகன்னுதான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பொன்மீனா குரல் கொடுத்தாள். "ஆமா, அப்பா தெனமும் வருவாக. எனக்குக் கூச்சமா இருக்கும். தூங்குற மாதிரி இருந்துக்கிடுவேன்."

பேச்சிராஜா எழுந்து வாசலுக்கு வந்தான். மகளுக்குத் தெரிந்திருக்கிறது, மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அன்று முழுக்க வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சாயங்காலம் அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தான். பிறகு எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேலே ஏறினான். ஒரு மாதிரி வைராக்கியம்தான். மூன்று கிளாஸ் டீ குடித்திருந்தான். கண் எரிந்தாலும் திறந்தே இருந்தது. கீழே கடல் தகடு போல மின்னியது. முதல் பெட்டியைத் தூக்கினான். சரியாக வைத்தான். இரண்டாவது, மூன்றாவது. கை மறக்கவில்லை.

பத்தாவது பெட்டிக்கோ பதினோராவது பெட்டிக்கோ அவன் அதைக் கவனித்தான். ஒவ்வொரு டிரெய்லரும் கிரேனுக்குக் கீழே வந்து நிற்கும், பெட்டி இறங்கும் வரை ஓட்டுநர் உள்ளேயே இருப்பார், அதுதான் விதி. ஆனால் ஒரு வண்டி வந்து நின்றதும், ஆரஞ்சு ஹெல்மெட் போட்ட ஒருவன் கதவைத் திறந்து குதித்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடினான். அங்கே நின்று மேலே பார்த்தான். பெட்டி இறங்கியதும் திரும்ப ஓடி வந்து ஏறினான். ஷாம்.

அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தான். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து முகம் தெரியாது. ஆனால் அந்த ஓட்டம் தெரிந்தது. கோழி சிறகடித்துக்கொண்டு ஓடுவது போல ஓர் ஓட்டம். மூன்றாவது தடவை சூப்பர்வைசர் அவனை மறித்து ஏதோ சொல்வது தெரிந்தது.

நான்காவது சுற்றில் வண்டி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

பேச்சிராஜா பெட்டியை அந்தரத்தில் நிறுத்தினான். இருபது டன். வாக்கி டாக்கியை எடுத்தான்.

"ஷாம், எறங்குலே."

"எறங்கக் கூடாதுன்னுட்டாரு அண்ணாச்சி." குரல் கரகரத்தது. "நீங்க வைங்க. நான் ஒண்ணும் நெனைக்கல."

"எறங்கு."

"அண்ணாச்சி, வைங்க. பின்னால ஆறு வண்டி நிக்கு."

அப்போதுதான் அது நடந்தது. அல்லது நடந்ததோ என்னவோ, அவனுக்கே தெரியவில்லை. ஷாமின் குரலுக்கும், தன் கை விசையின் மேல் இருப்பதை அவன் பார்த்ததற்கும் நடுவே ஏதோ காணாமல் போயிருந்தது. ஒரு விநாடியா, மூன்று விநாடியா? பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் அவன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மூன்று விநாடிக்கு ஒரு தடவை எண் கொடுக்கும் அந்த மெஷின் இப்போது தலையில் இருந்தால் எவ்வளவு காட்டியிருக்கும் என்று நினைத்தான்.

பெட்டியைக் கரைப்பக்கம் இறக்கவில்லை. மெதுவாக, அங்குலம் அங்குலமாகக் கப்பல் பக்கமே திருப்பி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டு வாக்கி டாக்கியில் சொன்னான்.

"கிரேன் மூணு. நான் நிறுத்துதேன். கீழ வாரேன். வேற ஆள ஏத்துங்க."

கீழே வந்தபோது ஞானதீபம் வண்டியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். "என்னவே நெனச்சுக்கிட்டு இருக்கே? கப்பல் நிக்குது! ஒனக்குச் சாதகமா முடிச்சுக் குடுத்தா, ஆடிக் காட்டுதியோ?"

பேச்சிராஜா பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். வியர்வையில் ஒரு மூலை நனைந்திருந்தது.

"இத யாரு கேட்டா?" என்றார் ஞானதீபம், வாசித்துவிட்டு.

"யாரும் கேக்கல சார்."

"இது வந்தா ஒன்ன மேல ஏத்த முடியாது. தெரியும்லா?"

"தெரியும் சார். சனிக்கெழமையே கைக்கு வந்துச்சு. சனிக்கெழமையே குடுத்திருக்கணும்."

ஞானதீபம் கெட்டவர் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு மணி நேரம் தூங்குனவன் தூங்கலன்னு போட்டிருக்கு. இத நான் மேல எப்படிப் புரிய வைப்பேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

புரிய வைக்கப் பதினைந்து நாள் பிடித்தது. எச்சரிக்கைக் கடிதத்தை அவர்கள் திரும்பப் பெறவில்லை. கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றார்கள். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. மீன், இறால் வைத்த குளிர்பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒவ்வொரு பெட்டியின் குளிர் அளவையும் பார்த்துக் குறிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் பகல் ஷிப்ட் மட்டும். தரையில்தான் வேலை. முதல் வாரம் முழுக்கக் கூனிக் குறுகித்தான் நடந்தான். கிரேன் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்ப்பான், உடனே குனிந்துகொள்வான். ஒருநாள் ஷாம் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

டாக்டர் ரிஃப்கா அவனுக்கு மாத்திரை கொடுக்கவில்லை. முதலில் பொன்மீனாவை அழைத்து வரச் சொல்லி, அவளுக்கும் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார். வலிப்பின் சுவடு எதுவும் இல்லை என்று கோடுகளைக் காட்டியே சொன்னார். பிறகு வேல்விழியிடம், "கொஞ்ச நாளைக்குக் காவலை நீங்க எடுத்துக்கிடுங்க. படுக்கும்போது அவர்ட்ட வாய்விட்டுச் சொல்லணும், இன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன்னு. ஒடம்புக்குச் சேதி போய்ச் சேரட்டும்" என்றார்.

அவள் தினமும் சொன்னாள். பேச்சிராஜா முதல் மாதம் நம்பவில்லை. அப்புறம் மனசு நம்பினாலும் உடம்பு நம்பவில்லை. அப்போதும் எழுந்து போனான். வேல்விழி கையைப் பிடித்து நிறுத்தி, "நான் பாத்தாச்சு, படுங்க" என்பாள். மூன்று மாதம் கழித்து ஷெர்லி மறுபடி வயர் ஒட்டினாள். மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பியபோது, ராத்திரி நடுவில் இரண்டு இடங்களில் கோடு சிவப்பைக் கடந்து கீழே போயிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்.

"ஆரம்பிச்சிருக்கு. அவ்வளவுதான். இன்ஷா அல்லாஹ், இன்னும் வரும்," என்றார் டாக்டர்.

பேச்சிராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி, கூட வந்திருந்த வேல்விழியைப் பார்த்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போலிருந்தது. அன்றுதான் அவன் அதைப் பார்த்தான்.

டாக்டரும் பார்த்தார். "இது நான் செஞ்ச தப்பு," என்றார் மெதுவாக. "ஒருத்தர் தலையிலேருந்து எடுத்து இன்னொருத்தர் தலையில வச்சிட்டேன்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் அதுதான் பேச்சு. ஆளுக்கு ஒரு நாள் காவல் என்றான் பேச்சிராஜா. வேண்டாம், பிள்ளைக்கு ஒரு மணியைக் கட்டிவிடலாம் என்றாள் வேல்விழி. கேமரா வாங்கலாமா என்றான். பேசப் பேச இரண்டு பேருக்கும் குரல் ஏறியது.

பொன்மீனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ரெண்டு பேரும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா நான் எப்படித் தூங்குறது? எனக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாகள்லா?" கையைக் கழுவினாள். தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். "நான் இங்கனதான் படுப்பேன். யாரும் வரக்கூடாது." கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே கொண்டி விழும் சத்தம் கேட்டது.

இருவரும் படுத்தார்கள். படுத்தபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்விழி இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தாள். அவன் இரண்டு தடவை படுக்க வைத்தான். அப்புறம் அவன் எழுந்தான், அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொண்டி போட்டிருக்கா. எப்படிப் போவீக?" என்றாள். அது சரிதான். போக வழியில்லை. காது கொடுத்துக் கிடந்தார்கள். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.

கண் திறந்தபோது முகத்தில் வெயில் அடித்தது. பேச்சிராஜா தூக்கிவாரிப் போட்டு எழுந்தான். மணி ஏழரை. வேல்விழி பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். அடுத்த அறையின் கதவு அகலத் திறந்திருந்தது. பாய் காலி.

"மீனா!"

அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பொன்மீனா பள்ளி உடுப்பில் படியில் உட்கார்ந்து, டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். தலையைத் தானே பின்னியிருந்தாள், ஒரு பக்கம் கோணலாக.

"எத்தன தடவ கூப்பிட்டேன்," என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு. "ரெண்டு பேரும் எந்திரிக்கவே இல்ல. காலப் புடிச்சு உலுக்கினேன், அப்பயும் எந்திரிக்கல. நானே டீ போட்டுக்கிட்டேன்."

பேச்சிராஜா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நெஞ்சு படபடத்தது அடங்கக் கொஞ்ச நேரமானது. அடங்கிய பிறகுதான் கவனித்தான், கை கால் கனக்கவில்லை. உடம்பு இருக்கிற இடமே தெரியவில்லை. எட்டு மணிக்கு ஷிப்ட். இனி ஓடினாலும் பஸ் கிடைக்காது. எச்சரிக்கைக் கடிதம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

"இன்னும் டீ இருக்கா, மீனா?" என்று மகளிடம் கேட்டான்.